பிரேமன் கணினிக்கும் ஆயுத பூஜை

1

என் அலுவலகக் கணினிக்குள் இப்போது வெளியிலிருந்து நுழைந்தால் ‘அணைக்க’ என்ற பொத்தான் கண்ணில் படாது. வெளியேறலாம், இணைப்பைத் துண்டிக்கலாம், அணைக்க மட்டும் முடியாது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் நான் வேலை செய்யும் நிறுவனத்தில் எல்லாருக்கும் இப்படி மறைத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வாரம் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாள். எந்தப் புண்ணியவான் என்ன செய்து தொலைத்தானோ, எல்லாரையும் தண்டிக்கிறார்கள் என்றாள். நான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புண்ணியவதி நான்தான். எனக்குத் துணையாக என் அப்பாவும் மைசூர் தசராவும் இருந்தார்கள்.

அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே மரங்கள் மஞ்சளாகிவிட்டன. அங்கே மைசூரில், என்.ஆர். மொகல்லாவில் எங்கள் தெரு முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும் விற்பனைக்கு வந்திருக்கும். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

அப்பா பெயர் மாதப்பன். கொள்ளேகாலிலிருந்து இளவயதில் மைசூருக்கு வந்து, மேட்டகள்ளியில் ஒரு லேத் பட்டறை வைத்து, அதிலேயே என்னைப் படிக்கவைத்தவர். அம்மா போன பிறகு பட்டறையை விற்றுவிட்டார். வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஒரே பெண். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன வருடம் அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று மருத்துவர் என்னிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பாவிடம் அதையே கன்னடத்தில் சொன்னார். நாள் குறித்தார்கள். நான் விமானச்சீட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்தது: சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிவிட்டதால் அறுவை சிகிச்சை தள்ளிவைப்பு.

எப்படி ஏறியது என்று பிறகு தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் அப்பா அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

“வேணும்னுதான் பண்ணுனீங்களாப்பா?” என்று கேட்டேன்.

“ஆபரேசன்னா ஆசைப்பட்டத சாப்பிட்டுரோணும்னு ஒருத்தன் சொன்னான் அம்மிணி.”

“யாரு சொன்னது?”

“ஒருத்தன்.”

பயம். அறுபது வருடம் இரும்பைக் கடைந்த மனிதர் கத்திக்குப் பயந்து மைசூர்பாகின் பின்னால் ஒளிந்துகொண்டார். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. “நீ வந்து பக்கத்துல இருந்தீன்னா படுத்துக்கறேன். இல்லீன்னா பேடா, ஆபரேசனே வேண்டாம், இப்புடியே இருந்துக்கறேன்” என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அதற்குச் சில மாதம் ஆகும், தசரா முடிந்ததும் பார்க்கலாம் என்றது மருத்துவமனை. அத்தனை மாதம் விடுப்பு எனக்குக் கிடையாது. வேலையை விட்டால் மருத்துவச் செலவுக்கு வழி கிடையாது. ஆக, வேலையை மைசூருக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஜெர்மனியில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். வாழாதவர்களுக்குச் சொல்கிறேன். பணியாளர் பிரிவு வரி பற்றிக் கேட்டது. ஊழியர் குழு வேலை நேரம் பற்றிக் கேட்டது. தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர், நல்ல மனிதர், வீட்டில் உங்கள் திரையைப் பார்க்கக்கூடியவர்கள் யார் யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். அவருக்கு ஜெர்மன் படிக்கத் தெரியுமா என்றார். கன்னடம் மட்டும்தான் சரளமாகப் படிப்பார், தமிழையே எழுத்துக்கூட்டித்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் அனுமதி வந்தது. மூன்று மாதம். முடிவில் ஒரு பரிசீலனைக் கூட்டம், அதற்குப் பிறகு நீட்டிப்பு. தொலைவின் காரணமாக ஒருமுறை வேலை நின்றாலும் அனுமதி ரத்து, நான் உடனே திரும்ப வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

3

நான் வரைவது இரும்புப் படிக்கட்டுகளும் கைப்பிடிகளும். பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகும். வரைபட மென்பொருள் பிரேமனில் என் மேசைக்குக் கீழே இருக்கும் கணினியில் மட்டும்தான் ஓடும். வரைபடங்களும் கட்டடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. எனவே மைசூரில் என்னிடம் இருந்த மடிக்கணினிக்கு எந்த வேலையும் தெரியாது. அங்கே ஓடும் கணினியின் படத்தை இங்கே காட்டும், நான் தட்டுவதையும் நகர்த்துவதையும் அங்கே கொண்டுபோகும். அவ்வளவுதான்.

அதற்கும் நேராகப் போய்விட முடியாது. உள்ளே இருக்கும் கணினிகள் வெளியுலகத்துக்குத் தெரியாது. முன்னால் கேட்வே என்று ஒன்று நிற்கிறது. அடுக்குமாடி வீட்டு வாசலில் காவலாளி நிற்பதுபோல. அதனிடம் பெயரைச் சொல்லி, கைபேசியில் வரும் எண்ணைச் சொல்லி, எந்தக் கணினி வேண்டும் என்றும் சொன்னால் கூட்டிக்கொண்டுபோய் விடும். முதல் நாள் என்னை உள்ளே விடவே இல்லை. இந்தியாவிலிருந்து யார் தட்டினாலும் திறக்காதே என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஹெல்காவைக் கூப்பிட்டேன். கேட்வேயைக் கட்டி ஆள்பவர் அவர். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் பேசுவோம். ஹெல்காவிடம் மட்டும் யாரும் அந்த உரிமை எடுத்துக்கொள்வதில்லை. ‘நீங்கள்’தான். அவர் மைசூருக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதிச் சேர்த்தார். “உங்கள் ஒருவருக்காகத் திறந்திருக்கிறேன்” என்றார். வாழ்த்தா எச்சரிக்கையா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியாது.

காலையில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்ப்பேன். கேழ்வரகு தோசை, பிறகு மெதுவாக ஒரு நடை. பிரேமனில் விடியும்போது மைசூரில் மதியம் நெருங்கிவிடும். சாப்பாட்டை முடித்துவிட்டு பிரேமனுக்குள் நுழைவேன். நுழைந்ததும் அந்தத் திரையில் கடிகாரம் காலை என்று காட்டும், மூலையில் பிரேமனின் வானிலை காட்டும், எப்போதும் மழை. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். தேவராஜ மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக்கொண்டு நன்றியை ஜெர்மனில் சொன்னேன் ஒரு நாள். கடைக்காரர் புரியாமல் “ஏனு மேடம்?” என்றார். அதே வாரம் அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் மன்னிப்புக் கேட்டதற்கு “பர்வாகில்லா” என்று கன்னடத்தில் சொல்லிவைத்தேன். எந்த ஊரில் இருக்கிறேன் என்று என் நாக்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு ஒரு வாரம் புரியவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

“இந்த டப்பாதான் வரையுதா?”

“இல்லப்பா. இது சும்மா சன்னலு. மிஷினு அங்க பிரேமன்ல ஓடிட்டிருக்குது.”

“ஆளு இல்லாமயா?”

“ஆளு நான்தான். இங்கிருந்து ஓட்டறேன்.”

“ம்” என்றார். மதிப்பு கூடியது தெரிந்தது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரரிடம் என் மவ இங்க உக்காந்துட்டு ஜெர்மனில லேத் ஓட்டறா என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தவில்லை.

பிரேமனில் எனக்கு என்று இருப்பவள் மகள் யாழினி மட்டும். அவள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து வேறு நாட்டில் இருக்கிறார், அந்தக் கதை இங்கே வேண்டாம். யாழினி கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருடமாக நண்பர்களோடு தனியாக ஒரு வீட்டில் இருக்கிறாள். அதே ஊர்தான், இருந்தாலும் நான் போவதென்றால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். தமிழ் கேட்டால் புரியும், பதில் ஜெர்மனில் வரும். கைபேசியில் நான் பத்து வரி எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அதுவும் மறுநாள். அப்பாவோடு மாதம் ஒருமுறை வீடியோவில் பேசவைப்பேன். “ஓகேவா கண்ணு?” என்பார். “ஓகே தாத்தா” என்பாள். பிறகு இருவரும் என்னையே பார்ப்பார்கள். அப்பாவின் கொள்ளேகால் மலையடிவாரத்துத் தமிழும் வடஜெர்மனியும் சந்தித்துக்கொள்ள நான் ஒருத்தி நடுவில் நிற்கவேண்டியிருந்தது. நான் மைசூருக்குக் கிளம்பியபோது விமான நிலையத்துக்கு வந்தாள், நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே போய்விட்டாள். அது கொஞ்ச நாள் வலித்தது.

4

ஆயுத பூஜை வந்தது.

மைசூரில் அன்று ஓடும் பொருள் எதற்கும் பொட்டில்லாமல் இருக்காது. பேருந்து, ஆட்டோ, தையல் மிஷின், ஏடிஎம் வாசலில் நிற்கும் காவலாளியின் மிதிவண்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி. அப்பா காலையிலேயே ஸ்கூட்டரைக் கழுவிவிட்டார். பட்டறையை விற்றபோது கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஸ்பேனர் செட்டையும் அளவுகோலையும் எண்ணெய் போட்டுத் துடைத்து மணைமேல் வைத்தார். மிக்சியும் வந்தது. என் மடிக்கணினியும் வந்தது.

பட்டறைக்காரர்களின் வழக்கம் ஒன்று உண்டு. பூஜை போட்ட இயந்திரம் அன்று ஓடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அப்பா பட்டறை வைத்திருந்த காலத்தில் பெரிய வாடிக்கையாளர் வந்து கெஞ்சினாலும் அன்று சுவிட்சைத் தொட மாட்டார். அதனால் மதியமே ஒரு மணி நேரம் உள்ளே போய்ச் சில கோடுகளைச் சரிசெய்துவிட்டு, மீதி நாளுக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். அடுத்து வந்த நாள்கள் ஜெர்மனியில் நீண்ட விடுமுறை. தேசிய விடுமுறை நாளோடு அதற்கு முந்தின வேலை நாளையும் சேர்த்து, திங்கள்வரை அலுவலகத்தை மூடியிருந்தார்கள். நான் மட்டும் அந்த நாள்களில் வேலை செய்வதாக மேலாளரிடம் பேசிவைத்திருந்தேன். பதிலுக்கு அறுவை சிகிச்சை நாளன்றும் மறுநாளும் எனக்கு விடுப்பு. திங்கள் காலை ஒரு பள்ளிக்கூடப் படிக்கட்டின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும், இரும்பு வெட்டக் காத்திருந்தார்கள்.

மடிக்கணினியை மூடப்போனேன். அப்பா கையில் குங்குமக் கிண்ணத்தோடு நின்றார்.

“இத மூடிட்டா ஆச்சா?”

“ஆச்சுப்பா.”

“அங்கத்த மிஷினு?”

“அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்.”

“அதென்ன நியாயம் அம்மிணி? நீதான சொன்னே, இது சன்னலு, மிஷினு அங்க இருக்குதுன்னு. சன்னலுக்குப் பொட்டு வெச்சுட்டு மிஷின ஓட உடறதா? வருசம் பூரா உனக்குச் சோறு போடுது. ஒரு நாளு நிக்கட்டும், பாவம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பெருமை. என் வேலையை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாரே என்று. மறுபடி கேட்வேயிடம் எண்ணைச் சொல்லி உள்ளே போனேன். வழக்கமாக இணைப்பைத் துண்டித்துவிட்டு வருவதுதான். அன்று ‘அணைக்க’ என்பதைத் தேடி அழுத்தினேன். பிரேமன் திரை இருண்டு மறைந்தது. மடிக்கணினியின் மூடியில் அப்பா இரண்டு பொட்டு வைத்தார், ஒன்று இதற்கு, ஒன்று அதற்கு. கற்பூரம் காட்டினோம். மனசு நிறைந்திருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் ஊதும்போது சந்தோஷமாகத்தான் இருந்திருப்பான்.

5

மறுநாள் விஜயதசமி. மைசூருக்கு அதுதான் தசரா. ஊர்வலம் முடியும் பன்னிமண்டபம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம், காலையிலிருந்தே தெருவில் ஜனம். அப்பா ஸ்கூட்டர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டினார். மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். மடிக்கணினியைத் திறந்தேன். கேட்வே எண்ணைக் கேட்டது, சொன்னேன். உள்ளே விட்டது. பிறகு ஒரு வாசகம்: நீங்கள் கேட்ட கணினியை அடைய முடியவில்லை. அது அணைக்கப்பட்டிருக்கலாம்.

ஸ்கூட்டரை ஓட்ட அப்பா வாசலில் இருந்தார். மிக்சியை ஓட்ட நான் அடுப்படியில் இருந்தேன். அந்தக் கணினியின் பொத்தானை அழுத்த பிரேமனில் ஒரு ஆளும் இல்லை. அணைந்த கணினியைத் தூரத்திலிருந்து எழுப்பும் வசதி எங்களிடம் கிடையாது. கட்டடம் திங்கள்வரை பூட்டிக்கிடக்கும். படிக்கட்டு பாதியில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை பரிசீலனைக் கூட்டம், அதற்கடுத்த வாரம் அறுவை சிகிச்சை. ஒருமுறை வேலை நின்றாலும் அனுமதி ரத்து. நான் கிளம்பினால் இவர் மறுபடி மைசூர்பாகு வாங்குவார். இந்தத் தடவை இதயம் காத்திருக்குமா?

அப்பா வாசலிலிருந்து வந்து என்ன ஆச்சு என்றார். சொல்லவேண்டியதாயிற்று.

“நான் வாய வெச்சுட்டு சும்னே இருந்திருக்கோணும்” என்றார். பிறகு, எனக்கு உதவி செய்கிற நினைப்பில், “செரி உடு. நீ கெளம்பிப் போயி வேலையப் பாரு. ஆபரேசன பொங்கலுக்கு அக்கட்டால வெச்சுக்கலாம்” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் முழுதாகப் பிடித்தது.

“ஒண்ணும் தள்ள வேண்டாம்பா. போயி உக்காருங்க” என்று கத்தினேன். அப்படி அவரிடம் நான் கத்தியதில்லை.

யாழினியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கட்டைவிரல் படம் வந்துவிடப்போகிறதே என்று பயந்துகொண்டே மூன்றாவது முறை அடித்தேன்.

தூக்கக் குரலில் எடுத்தாள். “தாத்தாவுக்கு என்ன?” என்றாள். முதல் வார்த்தையே அதுதான், ஜெர்மனில். தாத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எந்தத் தெரு? நான் போகிறேன். உள்ளே விடுவார்களா?”

விட மாட்டார்கள். வாயிற்காவலர் ஒருவர் விடுமுறையிலும் இருப்பார், ஆனால் ஹெல்கா சொன்னாலொழிய ஈயைக்கூட உள்ளே விட மாட்டார். ஜெர்மனியில் விடுமுறையில் இருக்கும் ஒருவரை வேலைக்காகத் தொலைபேசியில் அழைப்பது, நம் ஊரில் ஒருவர் சாமி கும்பிடும்போது கடன் கேட்பதைப்போல. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. அழைத்தேன்.

ஹெல்கா எடுத்தபோது பின்னால் கடற்பறவைகள் கத்தின. ஏதோ ஒரு தீவில் இருந்தார்.

“கணினியை யார் அணைத்தது?”

“நான்தான்.”

“ஏன்?”

பொய் சொல்ல நினைத்தேன். மின்வெட்டு, கைதவறல், எத்தனையோ இருந்தது. ஜெர்மன் மொழியில் எனக்குப் பொய் சொல்ல இன்னும் சரியாக வராது, இலக்கணம் காட்டிக்கொடுத்துவிடும். “எங்கள் ஊரில் நேற்று இயந்திரங்களுக்கு ஓய்வு நாள். அவற்றை வணங்கிவிட்டு நிறுத்திவைப்போம். நான் பூஜை செய்து அணைத்துவிட்டேன்” என்றேன்.

“எல்லா இயந்திரங்களுக்குமா?” என்றார் ஹெல்கா.

“எல்லாவற்றுக்கும்.”

“சர்வர்களுக்கும்?”

“இருந்தால், அதற்கும்.”

“முப்பது வருடமாக என்னுடையவை ஒரு நாளும் நின்றதில்லை” என்றார். அவர் வருத்தப்படுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு வழக்கமான குரல் வந்தது. “வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பொத்தான் தெரியவே கூடாது. அதை மறைப்பது என் வேலை. நான் செய்யவில்லை. எனவே இது என் தவறும்கூட. நான் இதைப் பதிவு செய்தாக வேண்டும், மறைக்க மாட்டேன். உங்கள் மகளின் முழுப்பெயரை அனுப்புங்கள். அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.”

நான் நன்றி சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டார். பதிவு என்றால் அது செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கும் போகும். ஆனாலும் வழி பிறந்தது.

6

யாழினி மழையில் சைக்கிளில் போனாள். அலுவலக வாசலிலிருந்து வீடியோவில் வந்தாள், தலைமுடியெல்லாம் ஈரம். இங்கே ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் பூராவும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததோ என்னவோ, படம் நின்று நின்று வந்தது. காவலர் முன்னால் நடக்க, இவள் பின்னால் போனாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருப்பவள், என் அலுவலகத்துக்குள் கால்வைத்தது அன்றுதான்.

“இதுதான் உன் இடமா?” என்றாள். “சின்னதாக இருக்கிறதே. ஜன்னல்கூட இல்லை.” பிறகு, “அம்மா! இது என் ஸ்வெட்டர்! ரெண்டு வருஷமா தேடறேன்!” நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள். பாதிக்குமேல் தமிழில் கத்தினாள். கோபம் வந்தால் வருகிறது போலிருக்கிறது.

“ஸ்வெட்டர் அப்பறம் கண்ணு. மேசைக்குக் கீழ பாரு.”

அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “காமி, காமி. மிஷினக் காமி.” யாழினி குனிந்து கைபேசியைத் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் தூசி படிந்த ஒரு பெட்டி.

“இத்துனூண்டா?” என்றார் அப்பா. “அதையும் தரையில போட்டு வெச்சிருக்கறாங்க.”

“தாத்தா, ஓகே?” என்றாள் யாழினி.

“ஓகே ஓகே. போடு கண்ணு.”

அழுத்தினாள். படம் அப்படியே உறைந்தது. எங்கள் தெருவில் பேண்டு வாத்தியம் வேறு. எனக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. அப்பா கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

“ஓடுது” என்றார். “பொட்டிக்குள்ள காத்தாடி சுத்துது. ஓடுது அம்மிணி.”

மடிக்கணினியில் எண்ணைச் சொன்னேன், கேட்வே திறந்தது, பிரேமன் திரை வந்தது, மூலையில் மழை. என் பாதிப் படிக்கட்டு இருந்த இடத்தில் இருந்தது. அழுதுவிட்டேன். அப்பா என்ன செய்வது என்று தெரியாமல் சட்னிக் கிண்ணத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார்.

காவலர் போகலாமா என்று கேட்டிருக்கிறார். யாழினி, அம்மா வேலையை ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவள், இங்கே நான், ஒரே மேசையில். கொஞ்ச நேரம் கழித்து, “நீ எப்போது திரும்பி வருவாய்?” என்று கேட்டாள்.

“தாத்தா எழுந்து நடந்ததும்.”

“சரி” என்றாள். “அவசரமில்லை. தாத்தாவைப் பார்த்துக்கொள். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன்.”

இரண்டு வருடமாக அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிள்ளைகள் விலகிப்போகிறார்கள் என்று இந்த மாதிரிக் குறிப்புகளில் வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எல்லாரும் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். விலகிப்போன பிள்ளை மழையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனதையும் எழுதிவைக்கிறேன்.

7

ஞாயிறு மாலை படிக்கட்டு முடிந்தது. திங்கள் காலை தொழிற்சாலை இரும்பை வெட்டத் தொடங்கியது. செவ்வாய் கூட்டத்தில் வீடியோவில் மேலாளர், பணியாளர் பிரிவுக்காரர், ஹெல்கா மூவரும் இருந்தார்கள். நான் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். மேலாளர் ஹெல்காவின் பதிவை எடுத்தார். அதை ஹெல்காவே வாய்விட்டுச் சொன்னார்: ஒரு கணினி சிறிது நேரம் நின்றது, அமைப்பில் இருந்த குறை காரணம், குறை சரிசெய்யப்பட்டது, வேலை நாள் எதுவும் இழக்கப்படவில்லை. பொய் ஒன்றும் இல்லை. பூஜை மட்டும் இல்லை.

மேலாளர் என்னைப் பார்த்தார். “அறுவை சிகிச்சை என்றைக்கு?”

சொன்னேன்.

“அப்படியானால் இன்னும் மூன்று மாதம்” என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இதற்காகவா நான் இத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் என்று இருந்தது. ஒரு வார்த்தையில் மலை இறங்கிவிட்டது.

அப்பாவிடம் சொன்னபோது, “அப்ப இருக்கறயா?” என்றார். இருக்கிறேன் என்றேன். “அப்ப படுத்துக்க வேண்டியதுதான்” என்றார், தப்பிக்க வழியெல்லாம் அடைபட்டவராக. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் முழுக்க அவரை இனிப்புக் கடை இருக்கும் திசையில்கூட நடக்கவிடவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விடுப்பு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே கழிந்தன. அவரைத் தனி அறைக்கு மாற்றிய அன்று எனக்கு வேலை நாள். மருத்துவமனையின் இணைப்பு மெதுவானது, ஆனாலும் கேட்வே விட்டுவிட்டது. கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, மடியில் கணினியை வைத்து, ஒரு கைப்பிடியை வரைந்துகொண்டிருந்தேன். அப்பா கண்ணைத் திறந்தார். மருந்து மயக்கத்தில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னைக்கு ஆபீசு இல்லியா அம்மிணி?”

“இருக்குதுப்பா.”

“போகலியா?”

“ஆபீசுலதாம்பா இருக்கறேன்.”

யோசித்தார். புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். “செரி, அப்ப வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு, என் இடது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனார். பிடியை விடவே இல்லை. அன்றைய வரைபடத்தை வலது கையால் மட்டும் முடித்தேன்.